ரெக்ரூட்டிங்: சேர்ப்பா, நாடலா?

அமெரிக்காவில் கல்லூரி அணிகளின் பயிற்றுநர்கள் உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் ஆட்டத்தைப் பார்த்து, அவர்களைத் தம் கல்லூரிக்கு வரவழைக்க மேற்கொள்ளும் நீண்ட முயற்சிக்கு ரெக்ரூட்டிங் என்று பெயர். தமிழில் இதை ‘ஆட்சேர்ப்பு’ என்றும் சில வேளைகளில் ‘வீரர் தேர்வு’ என்றும் எழுதுகிறோம். இரண்டுமே நல்ல சொற்கள்தாம். ஆனால் இவ்விடத்தில் இரண்டும் மாணவரைத் தவறான எண்ணத்துக்கு இட்டுச் செல்கின்றன.

சொல்லின் வேர் இலத்தீனில் ‘வளர்’ என்று பொருள்படும் கிரெஸ்கெரே என்னும் வினை. அதனோடு ‘மீண்டும்’ என்னும் முன்னொட்டுச் சேர்ந்து பிரெஞ்சில் ரெக்ரூ என்றானது. அதன் பொருள் புதிதாக வளர்ந்தது, மறுபடி தழைத்தது என்பதாகும். போரில் குறைந்துபோன படையைப் புதிய ஆட்களைக் கொண்டு நிரப்புவதையும் அந்தப் புதிய ஆளையும் குறிக்க, பதினேழாம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்கு வந்தது. படகோட்டும் குழுவைச் சுட்டும் ‘க்ரூ’ என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததே. வெட்டிய மரம் தளிர்ப்பதைப் போல ஆண்டுதோறும் படிப்பு முடித்து வெளியேறும் மாணவர்களின் இடத்தைப் புதியவர்கள் நிரப்புவதால், கல்லூரி அணிக்கு இப்பெயர் மிகவும் பொருந்துகிறது.

தமிழில் ‘தேர்வு’ என்றால் ஒரு நாள், ஒரு களம், ஒரு பட்டியல் என்று முடிந்துவிடும் செயலே நினைவுக்கு வருகிறது. ‘சேர்ப்பு’ என்பதோ நிறுவனம் செய்வது. சேர்க்கப்படுபவர் காத்திருந்தால் போதும் என்ற தொனி அதில் உண்டு. உண்மையில் காத்திருக்கும் மாணவருக்குத்தான் இம்முறையில் இழப்பு அதிகம். 1906-இல் தொடங்கிய தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ., கல்லூரிகளை மூன்று பிரிவுகளாக வகுத்திருக்கிறது. அதன் முதற்பிரிவு விதிகளின்படி, பல விளையாட்டுகளில் பத்தாம் வகுப்பு முடிந்தபின் வரும் ஜூன் 15 வரை பயிற்றுநர் மாணவரோடு சேர்க்கை பற்றிப் பேசவோ எழுதவோ கூடாது. ஆனால் மாணவர் அதற்கு முன்பே தம் ஆட்டக் காணொளியையும் மதிப்பெண்களையும் பயிற்றுநருக்கு அனுப்பத் தடையில்லை. உரிய காலத்தில் எழுதாத மாணவரின் பெயர் பயிற்றுநரின் கண்ணில் படாமலே போகலாம். படிப்பிலும் இப்படித்தான்: முதற்பிரிவுக்கு வேண்டிய பதினாறு அடிப்படைப் பாடங்களுள் பத்தினைப் பள்ளியின் இறுதியாண்டு தொடங்குமுன் முடித்திருக்க வேண்டும் என்பதால், பதினோராம் வகுப்பின் முடிவில் விழித்துக்கொள்பவருக்கு, திறமை எவ்வளவு இருந்தாலும், கல்லூரியின் முதலாண்டில் களமிறங்கும் வாய்ப்பு நழுவிப்போகக்கூடும்.

ஆகவே ‘நாடல்’ என்ற சொல்லை நான் முன்வைக்கிறேன். நாடுதல் என்பதற்குத் தேடிச் செல்லுதல், விரும்புதல், ஆராய்தல் என்ற மூன்று பொருளும் உண்டு. ஒருவரை ஆராய்ந்து ஏற்பதைப் பேசும் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தின் 504-ஆம் குறளில் ‘நாடி’ என்பது மும்முறை வருவது, இச்சொல் இத்துறைக்குப் புதியதன்று என்று காட்டுகிறது. பயிற்றுநர் வீரரை நாடுகிறார். வீரரும் கல்லூரியை நாடுகிறார். எனவே இந்த முழு நடைமுறைக்கும் ‘வீரர் நாடல்’ என்று பெயரிட்டு, கையொப்பமிட்டு இடம் உறுதியாகும் கடைசிப் படியை மட்டும் ‘சேர்ப்பு’ என்று கூறலாம்.

இதைச் சார்ந்த வேறு சில சொற்களிலும் கவனம் வேண்டும். ‘வெர்பல் கமிட்மென்ட்’ என்பதை வாக்குறுதி என்று பெயர்க்கவே கூடாது. கொடுத்த வாக்கு நம் மொழியில் பெரும் கட்டுப்பாடு உடையது. இதுவோ இரு தரப்பையும் கட்டாத வாய்மொழி இசைவு மட்டுமே. பயிற்றுநர் வேறொருவரை எடுத்துக்கொள்ளலாம், மாணவரும் மனம் மாறலாம். இதனை நம்பி மற்றக் கல்லூரிகளோடு தொடர்பை முறித்துக்கொண்ட பின் இடமிழக்கும் மாணவரின் வருத்தத்தில், சொல்லைப் பிழையாகப் புரிந்துகொண்டதற்கும் பங்கு உண்டு. கல்லூரியில் சேர இசைந்து மாணவர் கையொப்பமிடும், 1964 முதல் வழக்கிலிருந்த தேசிய விருப்பக் கடிதம், பெயரில் விருப்பம் இருந்தாலும், மாணவரை ஓராண்டுக்கு அக்கல்லூரியோடு பிணைத்தது. 2024 அக்டோபரில் அது கைவிடப்பட்டு, அந்த இடத்தில் நிதியுதவி ஒப்பந்தம் வந்திருக்கிறது. பழைய கட்டுரைகளைப் படிப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

‘டெட் பீரியட்’ என்பதை இறந்த காலம் என்றால் அது இலக்கணப் பொருளைத் தந்துவிடும். பயிற்றுநரும் மாணவரும் நேரில் சந்திக்கக் கூடாத நாள்களையே அது குறிக்கிறது. தொலைபேசிக்கும் கடிதத்துக்கும் அப்போது தடையில்லை என்பதால் ‘நேர்காணாக் காலம்’ என்பதே சரி. ‘ஸ்காலர்ஷிப்’ உதவித்தொகையே, ஆயினும் அது முழுத்தொகையா பகுதித்தொகையா, எத்தனை ஆண்டுக்கு என்ற அடையின்றி அச்சொல்லை ஏற்கக் கூடாது. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளும், ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட எட்டுப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான ஐவி லீக்கும் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தருவதில்லை. ஆனால் அங்கும் வீரர் நாடல் நடைபெறுகிறது, மாணவரின் தேவைக்கேற்ற நிதியுதவியும் கிடைக்கிறது. உதவித்தொகை இல்லாமல் தாமே முன்வந்து அணியில் இடம்பெறும் ‘வாக்-ஆன்’ வீரரைத் ‘தன்வரவு வீரர்’ என்று அழைக்கலாம்.