‘மெ துவேலே உனா முவேலா’: ஸ்பெயினில் பல் மருத்துவரிடம் போகுமுன் தெரிந்திருக்க வேண்டிய சொற்கள்

படிக்கவோ வேலைக்கோ ஸ்பெயினுக்கு வரும் நம்மவர்கள் கடையில் பொருள் வாங்குமளவுக்கு ஸ்பானியம் ஓரிரு மாதங்களில் கற்றுக்கொள்கிறார்கள். பல் வலி வந்து நாற்காலியில் சாய்ந்ததும் அந்த ஸ்பானியம் போதாமல் போகிறது. மருத்துவர் எதைக் கேட்டாலும் ‘சீ, சீ’ என்று தலையாட்டிவிடுகிறார்கள். ‘சீ’ என்றால் ஆம். புரியாத கேள்விக்குச் சொல்லும் அந்த ஆம், தவறான பல்லில் கை வைப்பதிலோ ஒவ்வாத மருந்திலோ போய் முடியலாம். பல் மருத்துவத்தில் எக்ஸ்ரே பாதிதான் சொல்லும். மீதியை நோயாளியின் வாய்ச்சொல்தான் சொல்ல வேண்டும். அந்த மீதிக்கு வேண்டிய சொற்கள் ஐம்பதுக்குள் அடங்கிவிடும்.

முதலில் உச்சரிப்பு. ஆங்கிலம் வழியாக ஸ்பானியத்தைப் படிப்பவர்கள் ‘டென்டிஸ்டா’ என்று ட போடுகிறார்கள். ஸ்பானியத்தில் ட இல்லை. நாக்கின் நுனி மேல்பல்லைத் தொடும் நம்முடைய த தான் அங்கே இருப்பது. ஆகவே தென்தீஸ்தா, தியென்தே, துவேலே. இந்த மூன்றின் முதலெழுத்தும் ‘தினம்’ என்று சொல்லும்போது வருகிற த. நான் ச, ஸ என்று எழுதியிருக்கும் சில இடங்களில் மத்திரித் (மாட்ரிட்) போன்ற ஊர்களில் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்வார்கள். தெற்கு ஸ்பெயினின் பல பகுதிகளிலும் கனாரித் தீவுகளிலும் லத்தீன் அமெரிக்காவிலும் வெறும் ஸ தான். எப்படிச் சொன்னாலும் புரியும்.

இலக்கணத்தில் தமிழருக்கு ஒரு வசதி இருக்கிறது. ‘எனக்குப் பல் வலிக்கிறது’ என்று நான்காம் வேற்றுமையில்தானே சொல்கிறோம்? ஸ்பானியமும் அப்படியே. மெ என்றால் எனக்கு, துவேலே என்றால் வலிக்கிறது. ‘மெ துவேலே உனா முவேலா’: எனக்கு ஒரு கடைவாய்ப்பல் வலிக்கிறது. பல பற்கள் என்றால் வினை மாறும்: ‘மெ துவேலென்’. அடைத்தது விழுந்துவிட்டால் ‘செ மெ ஆ காயீதோ உன் எம்ப்பாஸ்தே’. இதிலும் அந்த ‘எனக்கு’ உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் யோசித்து மாற்றாமல் தமிழிலிருந்தே நேராகப் போனால் வாக்கியம் சரியாக விழும்.

தியென்தே என்பது பொதுவாகப் பல். ஆனால் பேச்சில் முன்பல்லைத்தான் அப்படிச் சொல்வார்கள். அரைக்கும் பல் முவேலா, கோரைப்பல் கொல்மீயோ, ஈறு என்சீயா. ஞானப்பல்லுக்கு முவேலா தெல் ஹுயிசியோ என்று பெயர். ஹுயிசியோ என்றால் விவேகம், அதாவது நம் ஞானமேதான். கடைவாயில் வலியை வைத்துக்கொண்டு ‘தியென்தே’ என்று மட்டும் சொன்னால் மருத்துவரின் கண் முதலில் முன்பக்கம் போகும். அதனால் இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: அர்ரீபா மேலே, அபாஹோ கீழே, தெரேச்சா வலது, இஸ்கியேர்தா இடது. வலது இடது எப்போதும் நோயாளியின் பக்கத்தைக் குறிக்கும். சொல்லும்போதே விரலால் தொட்டும் காட்டுங்கள்.

மருத்துவர் உதவியாளரிடம் ‘பியேசா த்ரெயின்தா இ செயிஸ்’ என்று சொன்னால் அது பல்லின் எண். வாய் நான்கு கால்பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது: மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. இரண்டாம் இலக்கம் நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்பது. 36 என்றால் கீழ் இடது முதல் கடைவாய்ப்பல். 18, 28, 38, 48 நான்கும் ஞானப்பற்கள். பில்லிலும் இந்த எண்ணே வரும். வலிப்பது கீழ் இடப்பக்கமாக இருந்து தாளில் 46 என்றிருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள்.

அடுத்தது வலியின் குணம். எந்தச் சிகிச்சை என்பதைப் பெரும்பாலும் இதுதான் முடிவு செய்கிறது. தமிழில் பல்வலிக்கு எத்தனை சொற்கள்! கூசுகிறது, சுள்ளென்கிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது, குடைகிறது. இவை எல்லாவற்றையும் ‘மூச்சோ தொலோர்’, அதாவது ரொம்ப வலி, என்று ஒரே மூட்டையில் கட்டிவிட்டால் மருத்துவருக்குப் பிடி கிடைக்காது.

பல் கூச்சத்துக்கு ‘தேங்கோ சென்சிபிலிதாத்’. குளிர்ச்சிக்குக் கூசினால் ‘கொன் லோ ஃப்ரீயோ’, சூட்டுக்கு ‘கொன் லோ கலியென்தே’, இனிப்புக்கு ‘கொன் லோ துல்சே’ என்று சேருங்கள். புளி மாங்காயைக் கடித்தால் வரும் கூச்சத்துக்குத் தென்தேரா என்று தனிச்சொல்லே உண்டு. சுள்ளென்ற குத்தல் பின்ச்சாஸோ. நாடித்துடிப்போடு விண்விண்ணென்றால் ‘மெ லாதே’, துடிக்கிறது. மந்தமான வலிக்குத் தொலோர் சோர்தோ. சோர்தோ என்றால் செவிடு, ஆனால் இங்கே காதைப் பற்றிய பேச்சு எதுவும் இல்லை.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? ஐஸ் தண்ணீர் பட்டதும் சுள்ளென்று வந்து, தண்ணீரை விழுங்கியதும் நின்றுவிட்டால் பல்லின் உள்ளிருக்கும் கூழ், அதாவது நரம்பும் இரத்தக்குழாயும் உள்ள மென்மையான பகுதி, இன்னும் தேறக்கூடிய நிலையில் இருக்கிறது. சொத்தையை நீக்கி அடைத்தால் போதுமாக இருக்கலாம். சூடான காபி குடித்த பிறகும் வலி நிமிடக்கணக்கில் நின்றாலோ, ஒன்றும் செய்யாமலே இரவில் தூக்கத்தைக் கலைத்தாலோ கூழ் மீள முடியாதபடி வீங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது வேர் சிகிச்சை. அதன் பெயர் என்தொதோன்சியா. வழக்கில் ‘மதார் எல் நேர்பியோ’, நரம்பைக் கொல்வது என்பார்கள். பயப்பட வேண்டாம், இரண்டும் ஒன்றுதான். கடிக்கும்போது மட்டும் வலித்தால் வேரடியில் சீழோ பல்லில் விரிசலோ இருக்கலாம். அதற்கு ‘அல் மொர்தேர்’. ஆக ‘மெ தெஸ்பியேர்தா பொர் லா நோச்சே’, இரவில் எழுப்பிவிடுகிறது, என்ற ஒரு வாக்கியம் பரிசோதனையில் பாதியைச் சுருக்கிவிடும். கூடவே எத்தனை நாளாக என்பதும் வேண்டும்: ‘தெஸ்தே ஆசே த்ரேஸ் தீயாஸ்’, மூன்று நாளாக.

நாற்காலியில் கேட்கும் கட்டளைகள் குறைவு. ஆப்ரா லா போகா என்றால் வாயைத் திறங்கள், சியேர்ரே மூடுங்கள், முவேர்தா கடியுங்கள், என்ஹுவாகெசே கொப்பளியுங்கள், எஸ்கூப்பா துப்புங்கள், நோ செ முவேபா அசையாதீர்கள். ஸ்பெயினில் மருத்துவர்கள் நோயாளியை ‘நீ’ போட்டுப் பேசுவது சகஜம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அப்போது கடைசி எழுத்து மாறி ஆப்ரே, சியேர்ரா, முவேர்தே, என்ஹுவாகதே, எஸ்கூப்பே என்று ஒலிக்கும். அடைத்து முடித்ததும் நீலநிறத் தாள் ஒன்றைப் பல்லிடையே வைத்து ‘முவேர்தே’ என்பார்கள். மரத்த வாயோடு மெல்லக் கடிக்காமல் எப்போதும்போலக் கடியுங்கள். அடைப்பு எங்கே உயரமாக நிற்கிறது என்று அந்தத் தாளின் மை காட்டும். அங்கே சரியாகக் கடிக்காவிட்டால் இரண்டு நாள் கழித்து மெல்லும்போது வலித்து மறுபடி வர வேண்டியிருக்கும்.

ஊசி போட்ட பிறகும் வலித்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள். வீங்கிப் பழுத்த பல்லில், முக்கியமாகக் கீழ்க் கடைவாயில், முதல் ஊசி முழுதாகப் பிடிக்காமல் போவதுண்டு. ‘தொதபீயா மெ துவேலே’, இன்னும் வலிக்கிறது. ‘மாஸ் அனெஸ்தேசியா, பொர் ஃபபோர்.’ வாய் திறந்திருக்கும்போது பேச முடியாது என்பதால் தொடங்குமுன்பே ‘வலித்தால் இடது கையைத் தூக்கு’ என்று சொல்லிவைப்பார்கள்: ‘லெபான்தே லா மானோ’. ‘லெ மொலேஸ்தா?’ என்று கேட்டால், ஆங்கிலத்தின் ‘மொலெஸ்ட்’ நினைவுக்கு வந்தாலும், ‘உறுத்துகிறதா, சிரமமாக இருக்கிறதா’ என்றுதான் பொருள்.

மருத்துவர் கையில் கொடுக்கும் உடல்நலப் படிவத்தில் நம்மவர்கள் இடறும் இடங்கள் சில உண்டு. ‘தென்சியோன்’ என்பது இரத்த அழுத்தம். நாம் பேச்சில் டென்ஷன் என்பது மனப்பதற்றம் என்பதால் அலுவலக வேலையை நினைத்து ஆம் என்று டிக் செய்கிறார்கள். உண்மையில் அழுத்தம் உள்ளவர்களோ ‘எனக்கு டென்ஷன் இல்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது ஆபத்தானது, ஏனென்றால் மரப்பு ஊசியில் பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருக்கிறது. கொன்ஸ்திப்பாதோ என்றால் சளி பிடித்திருப்பது, மலச்சிக்கல் அல்ல. எக்ஸ்ரேவுக்கு முன் கேட்கும் எம்பராஸாதா என்றால் கர்ப்பிணி. ஆங்கிலம் தெரிந்தவர் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டு ‘நோ’ சொல்லிவிடக்கூடாது. சர்க்கரை நோய்க்கு மட்டும் நம் வழக்கே கைகொடுக்கிறது. அங்கேயும் பேச்சில் ‘தேங்கோ அஸூகார்’, எனக்குச் சர்க்கரை இருக்கிறது, என்பார்கள்.

பென்சிலின் ஒவ்வாமை உள்ள ஆண் ‘சொய் அலேர்ஹிகோ ஆ லா பெனிசிலீனா’ என்றும், பெண் ‘அலேர்ஹிகா’ என்றும் சொல்ல வேண்டும். அமொக்ஸிசிலீனாவும் பென்சிலின் வகைதான். இதை உட்காரும்போது ஒருமுறையும் மருந்துச் சீட்டு எழுதும்போது மறுமுறையும் சொல்லுங்கள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகளின் பிராண்ட் பெயர்கள் இங்கே யாருக்கும் தெரியாது. டோலோ 650 என்றால் விழிப்பார்கள், பராசெதமோல் என்றால் உடனே புரியும். ஈகோஸ்பிரின் இரத்தத்தை இளக்கும் ஆஸ்பிரின். அதைச் சொல்லாமல் பல்லைப் பிடுங்கினால் கசிவு நிற்க நேரமாகும். எலும்புத் தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட் போடும் அம்மாக்கள் மகளோடு வந்து தங்குகிறார்கள். அந்த மருந்து எடுப்பவர்களுக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் சிக்கல் அபூர்வமாக வருவதுண்டு, எனவே கட்டாயம் சொல்ல வேண்டும். மாத்திரை அட்டையின் பின்புறம் உள்ள மருந்துப் பெயரையும் மில்லிகிராமையும் ஒரு தாளில் எழுதி நீட்டிவிடுவது எல்லாவற்றிலும் நல்லது. பாக்கு மெல்லும் பழக்கம் இருந்தால் அதையும் சேருங்கள். வாய் திறப்பது குறைந்துவரும் பாக்குத் தழும்பு நோயை இங்குள்ள மருத்துவர்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள்.

சந்திப்பு நேரத்துக்குச் சீதா என்று பெயர், மறக்காது. ‘கிசியேரா பெதீர் உனா சீதா, எஸ் உர்ஹேன்தே’: அவசரமாக ஒரு நேரம் வேண்டும். அட்டையில் 11 மணியை எழுத்தால் எழுதினால் அந்த ஒன்ஸே, ஆங்கிலத்தில் ‘ஒருமுறை’ என்பதன் அதே எழுத்துகளாக இருக்கும். விலை பேசும்போது செசென்தா 60, செதென்தா 70. காதில் ஒன்றுபோலவே விழும், எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

பணம் பற்றியும் தெளிவாக இருக்க வேண்டும். ஸ்பெயினின் அரசு மருத்துவத்தில் பெரியவர்களுக்குப் பல் பிடுங்குவதும் கடுமையான சீழ், வீக்கத்துக்கான சிகிச்சையும் கிடைக்கும். அடைப்பு, வேர் சிகிச்சை, இம்ப்ளான்ட் பெரும்பாலும் தனியாரிடம், சொந்தச் செலவில். ஆகவே ‘ப்ரெசுபுவேஸ்தோ பொர் எஸ்க்ரீதோ’, எழுத்தில் மதிப்பீடு, கேளுங்கள். வேர் சிகிச்சைக்குச் சொன்ன விலையில் மேலே போடும் கொரோனா, அதாவது பல்லுக்கு மாட்டும் உறை, சேர்ந்திருக்கிறதா என்று தனியே கேட்க வேண்டும், பல இடங்களில் சேராது. தவணைக்குக் கடன் பத்திரம் நீட்டினால் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள். 2018-ல் இடென்டால் என்ற கிளினிக் சங்கிலி மூடப்பட்டபோது ஏராளமானோருக்குச் சிகிச்சை பாதியில் நின்றது, கடன் தவணை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கொன்சென்திமியென்தோ இன்ஃபொர்மாதோ என்ற ஒப்புதல் தாளும் அப்படித்தான். புரியும்படி விளக்கம் பெறுவது 41/2002 சட்டம் தந்த உரிமை. ‘நோ என்தியெந்தோ’, புரியவில்லை, என்று சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

பல் பிடுங்கிய பிறகுதான் ஒரு சிறு சொல் பெரிய வேலை செய்கிறது. அடைப்பின்போது ‘என்ஹுவாகெசே’, கொப்பளி என்றவர், இப்போது ‘நோ செ என்ஹுவாகே’ என்பார். 24 மணி நேரம் கொப்பளிக்கக் கூடாது, துப்பக் கூடாது, உறிஞ்சு குழாயில் குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது. அந்த ‘நோ’ காதில் விழாமல் வீட்டுக்குப் போய் உப்புத் தண்ணீர் கொப்பளித்தால் குழியில் உறைந்த இரத்தக்கட்டி, அதாவது கோஆகுலோ, பெயர்ந்துவிடும். எலும்பு வெளியே தெரிய, மூன்றாம் நாள் வாக்கில் முன்னைவிடக் கடுமையாக வலித்து நாற்றம் வரும். அதற்கு அல்பெயோலீதிஸ் என்று பெயர். உப்புத் தண்ணீரெல்லாம் மறுநாளிலிருந்து. பஞ்சுத் துணியை அரைமணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள்.

மருந்துச் சீட்டு ரெசேதா. அது இல்லாமல் ஆன்டிபயாடிக் தரமாட்டார்கள். ‘உனா காதா ஓச்சோ ஓராஸ்’ என்றால் எட்டு மணிக்கொருமுறை ஒன்று, எட்டு மணிக்கு அல்ல. வலிக்கு நொலொதீல் எழுதினால் அது மெட்டமிசோல். அரிதாக வெள்ளணுக்களைச் சரிக்கும் மருந்து. ஸ்பெயின் மருந்து முகமை 2018-ல் இதைப் பற்றி எச்சரித்து, கண்காணிக்க முடியாத பயணிகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொன்னது. சாப்பிடும்போது காய்ச்சல், தொண்டைவலி, வாய்ப்புண் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

கன்னம் வீங்கினால் ஸ்பெயினில் ஃப்லெமோன் என்பார்கள்: ‘செ மெ ஆ இன்ச்சாதோ லா காரா’, முகம் வீங்கிவிட்டது. கன்னத்தோடு நின்றால் அன்றே பல் மருத்துவரைப் பாருங்கள். வீக்கம் கண்ணை மூடினாலோ, தாடைக்கடியில் கழுத்துக்கு இறங்கினாலோ கிளினிக் திறக்கும்வரை காத்திருக்கக் கூடாது. அவசர உதவி எண்ணான 112-க்கு அழைத்து இந்த மூன்றில் எது பொருந்துகிறதோ அதைச் சொல்லுங்கள்: ‘நோ புவேதோ த்ரகார்’, விழுங்க முடியவில்லை, ‘நோ புவேதோ அப்ரீர் லா போகா’, வாய் திறக்க முடியவில்லை, ‘நோ புவேதோ ரெஸ்பிரார் பியென்’, சரியாக மூச்சுவிட முடியவில்லை.