தேசிக்காய்ப் புளியும் அமைதியான பிள்ளையும்

"இவன் சரியான பயந்தாங்கொள்ளி, மிஸ்." மகனை என் முன் இருத்திவிட்டு அம்மா சொன்ன முதல் வசனம். (ஆள் யாரென்று தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன்.) பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவுக்குக் கூட்டிப்போனால் ஸ்பீக்கர் சத்தத்திலும் சனத்திலும் அரை மணித்தியாலத்தில் அவன் முகம் வாடிவிடுமாம். தம்பிக்காரனோ அதே சனத்துக்குள் பூந்து விளையாடுவானாம்.

திருகோணமலையில் உளவளத்துணையாளராக இருக்கும் எனக்கு இந்த முறைப்பாடு புதிதில்லை. நான் தேசிக்காயில் தொடங்குவேன். நாக்கில் நாலு சொட்டுப் புளி விட்டால் எல்லாருக்கும் எச்சில் ஊறும். உள்முக சுபாவக்காரருக்கு, அதாவது சனக்கூட்டத்தைவிட அமைதியை விரும்புகிறவர்களுக்கு, சராசரியாகக் கொஞ்சம் கூட ஊறுகிறது என்று 1960களிலேயே சோதித்துப் பார்த்தார்கள். 1967இல் உளவியலாளர் ஹான்ஸ் ஐசென்க் அதற்கு ஒரு விளக்கம் வைத்தார்: மூளைத்தண்டிலிருந்து மேல்மூளையை விழிப்பாக வைத்திருக்கும் நரம்பு வலை இவர்களிடம் கூடுதலாக வேலை செய்கிறது. சும்மா இருக்கும்போது பெரிய வித்தியாசம் இல்லை, சத்தமோ வெளிச்சமோ வந்து படும்போதுதான் தெரிகிறது என்று பிந்திய ஆய்வுகள் அதைத் திருத்தின. நான் பார்த்த பிள்ளைகளும் அப்படித்தான்.

இதைப் பயம் என்று சொல்ல முடியாது. பதகளிப்பு, அதாவது மனப் பதற்றம், வேறு கணக்கு. ஐசென்க்கே இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்தார். கலகலவென்று கதைக்கிற ஒரு அக்கா வந்தார். கவுன்டர் வேலை, நாள் முழுக்கச் சிரித்த முகம். மேசையிலிருந்து கையை எடுத்தபோது ஃபைல் மட்டையில் ஐந்து விரலும் ஈரமாகப் பதிந்திருந்தன. எங்கள் ஊர் வெக்கைக்கு நெற்றியும் முதுகும் வேர்ப்பது வழமை. உள்ளங்கைச் சுரப்பிகள் அப்படியில்லை, வெக்கையைவிட மனப் பதற்றத்துக்குத்தான் சட்டென்று சுரக்கும். தோலின் மின்கடத்தலை அளக்கிறவர்கள் விரல்களில் கருவி பொருத்துவது அதனால்தான்.

"அப்ப இவனைக் கோயிலுக்குக் கூட்டிப்போகாமல் விடவோ?" என்று அம்மா கேட்டார். கூட்டிப்போங்கள், சனம் சேர முன்னம் விடியப் பூசைக்கு என்றேன். மகன் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான்.

ஒன்று மட்டும். சும்மா இருக்கும்போதே நெஞ்சு படபடக்கிறது, காரணமில்லாமல் மெலிகிறீர்கள், கை நடுங்குகிறது என்றால் சுபாவத்தில் பழியைப் போடாதீர்கள். தைரொயிட்டோ இரத்தச்சோகையோ இருக்கலாம். முதலில் ஓ.பி.டி.யில் காட்டுங்கள், என்னிடம் பிறகு வரலாம்.