குறுக்கு விசாரணை இல்லை

கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற ஓர் இளைஞனின் மேல்முறையீட்டுக்காக, சாட்சிய நகல்களை அவனுடைய தாயார் ஒரு மஞ்சள் பையில் வைத்து என்னிடம் கொண்டுவந்தார். நேரில் பார்த்ததாகச் சொன்ன முதல் சாட்சியின் சாட்சியம் இரண்டரைப் பக்கம் இருந்தது. அதன் கீழே 'குறுக்கு விசாரணை இல்லை' என்ற மூன்றே சொற்கள்; அதாவது, இளைஞனின் வழக்கறிஞர் அந்தச் சாட்சியிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவரின் சாட்சியத்துக்குக் கீழும் அதே மூன்று சொற்கள்தாம்.

அந்த முதல் சாட்சி, இருட்டில் ஆளை அடையாளம் தெரியவில்லை என்று போலீஸ் விசாரணையில் சொல்லியிருந்தவர். நீதிமன்றத்திலோ கூண்டில் நின்றவனைக் கைகாட்டினார். இத்தகைய முரண்பாட்டை அந்தச் சாட்சியிடமே முதலில் கேட்டு, அவர் மறுத்தால் பின்னர் புலனாய்வு அதிகாரியிடமும் கேட்டு மெய்ப்பிக்க வேண்டும். அப்படிக் கேட்காமல் விட்டால், குற்றப்பத்திரிகையோடு கொடுக்கப்பட்ட ஆவணக் கட்டில் அந்தப் போலீஸ் வாக்குமூலம் இருந்தும் இல்லாததுபோல்தான். மேல்முறையீட்டில் நான் அதை எவ்வளவு உரக்க வாசித்தாலும் அது சான்றாகாது. முதல் தகவல் அறிக்கை நீதித்துறை நடுவரிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததற்கும் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

இவ்வளவும் வழக்கறிஞர் இல்லாமல் நடந்ததல்ல. வக்காலத்து இருந்தது, வாய்தாதோறும் ஆளும் வந்து நின்றார். ஆனால் சிறைக்குப் போய்க் கட்சிக்காரனை அவர் ஒருமுறைகூடச் சந்திக்கவில்லை. இலவச சட்ட உதவியில் வருபவர்களே இப்படிச் செய்வார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். இவரோ, குடும்பம் நகையை அடகுவைத்துக் கட்டணம் கொடுத்து அமர்த்தியவர்.

பெயருக்கு ஒரு வழக்கறிஞர் நின்றால் போதாது என்பதை உச்ச நீதிமன்றம் 2019-இல் மத்தியப் பிரதேசத்தின் காண்ட்வா வழக்கொன்றில் தெளிவாகச் சொன்னது. 2013-இல் அந்த வழக்கில் சட்ட உதவி வழக்கறிஞர் நியமிக்கப்பட்ட அன்றே நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு முறைப்படி பதிவு செய்யப்பட்டு, இரண்டு வாரங்களுக்குள் மரண தண்டனையும் விதிக்கப்பட்டிருந்தது. அத்தீர்ப்பை நீக்கிப் புதிய விசாரணைக்கு உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், ஆயுள் அல்லது மரண தண்டனைக்கு வாய்ப்புள்ள வழக்குகளில் குறைந்தது 10 ஆண்டு அனுபவமுள்ளவரையே நியமிக்க வேண்டும் என்றும், தயாரிப்புக்குக் குறைந்தது 7 நாள் அளிப்பது முறை என்றும் கூறியது. குற்றம் சாட்டப்பட்டவர் 2024-இல் விடுதலையானார். இடையில் கழிந்தவை 11 ஆண்டுகள்.

சிறையில் இருப்பவருக்கு, வருமானம் எதுவானாலும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி இலவச சட்ட உதவி உண்டு. அமர்த்திய வழக்கறிஞர்மேல் நம்பிக்கை போய்விட்டால், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் உடனே மனுச் செய்யலாம். கேள்வி விடுபட்ட சாட்சியை மீண்டும் அழைக்கப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 311-ஆவது பிரிவும், அதற்குப் பதிலாக இப்போது வந்துள்ள பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தின் 348-ஆவது பிரிவும் இடமளிக்கின்றன. ஆனால் வழக்கறிஞரை மாற்றியது மட்டுமே அதற்குக் காரணமாகாது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதால், எந்தச் சாட்சியிடம் எந்தக் கேள்வி விடுபட்டது, அது ஏன் வழக்குக்கு இன்றியமையாதது என்று மனுவில் குறிப்பாக எழுத வேண்டும். தீர்ப்பு நாள் நெருங்க நெருங்க அம்மனுவின் வலு குறையும்.

ஆகவே, ஒவ்வொரு சாட்சி முடிந்ததும் நகல் மனுப் போட்டுச் சாட்சியத்தை வாங்கிப் படித்துவிடுங்கள். அந்தத் தாயார் ஒரு வாய்தாவையும் தவறவிடாமல் நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர். மஞ்சள் பையிலிருந்த நகல்களை அவர் முதன்முதலாகக் கையில் வாங்கியது தீர்ப்புக்குப் பிறகுதான்.