எட்டாவது ஆளின் வலு எங்கே போகிறது?

பிரான்ஸ் நாட்டு வேளாண் பொறியாளரான மாக்ஸ் ரிங்கல்மான் 1880களில் ஆட்களைக் கயிறு இழுக்கச் சொல்லி, அவர்களது இழுவிசையை அளந்தார். மாடு, குதிரை, மனிதர், இயந்திரம் ஆகியவற்றுள் எது எவ்வளவு வேலை செய்யும் என்பதே அவருடைய முதன்மையான கேள்வி. குழுவைப் பற்றிய ஆர்வம் அவருக்கு இரண்டாம்பட்சம்தான். ஆனாலும் 1913இல் அவர் வெளியிட்ட ஓர் அட்டவணை இன்றுவரை பேசப்படுகிறது. ஒருவர் தனியே இழுக்கும் வலுவை 100 என்று கொண்டால், இருவர் சேர்ந்தபோது ஆளுக்கு 93, நால்வர் சேர்ந்தபோது 77, எழுவருக்கு 56, எண்மருக்கு 49 என்று அது இறங்கிக்கொண்டே போனது. பெருக்கிப் பார்த்தால் ஏழு பேரின் மொத்த வலுவும் 392, எட்டுப் பேரின் மொத்த வலுவும் 392. எட்டாவது ஆளும் கயிற்றைப் பிடித்திருந்தார், வியர்வையும் சிந்தியிருப்பார்; கணக்கில் அவரால் கூடியது ஒன்றுமில்லை.

இழப்பு எங்கே நேர்கிறது என்பதை 1972இல் இவான் ஸ்டெய்னர் என்னும் உளவியலாளர் இரண்டாகப் பிரித்துக் காட்டினார். எல்லோரும் ஒரே கணத்தில், ஒரே திசையில் இழுக்காததால் வருவது ஒருங்கிணைப்பு இழப்பு. பக்கத்தில் பலர் இருக்கிறார்கள் என்ற எண்ணத்தில் ஒவ்வொருவரும் தம்மையறியாமல் கொஞ்சம் தளர்வதால் வருவது முனைப்பு இழப்பு. இரண்டாவது வகை உண்மையிலேயே இருக்கிறதா என்பதை 1974இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சாமர்த்தியமாகச் சோதித்தார்கள். ஒருவரைக் கண்ணைக் கட்டிக் கயிற்றின் முன்புறம் நிறுத்திவிட்டு, பின்னால் இருப்பவர்களை இழுப்பதுபோலப் பாவனை மட்டும் செய்யச் சொன்னார்கள். இழுத்தது அவர் ஒருவர்தான்; ஒருங்கிணைப்பு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. அப்படியிருந்தும், பின்னால் ஆட்கள் இருப்பதாக நம்பியபோது அவருடைய இழுவிசை குறைந்தது.

இந்த இரண்டு இழப்புகளையும், அவற்றைச் சமாளிக்கும் வழிகளையும் ஒரே இடத்தில் காண வேண்டுமானால் திருவாரூர் ஆழித்தேரோட்டத்தைப் பார்க்கலாம். சுமார் 96 அடி உயரமும் 300 டன் எடையும் கொண்ட அந்தத் தேரின் வடங்களைப் பிடிக்கும் ஆயிரக்கணக்கானோரில் முழு வலுவுடன் இழுப்பவர்கள் ஒரு பகுதியினரே. தொட்டுக் கும்பிட்டுவிட்டு நகர்பவர்கள் ஏராளம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ‘ஆரூரா, தியாகேசா’ என்று எழும் முழக்கம் பக்தியின் குரலாக இருப்பதோடு, எல்லோரது இழுப்பையும் ஒரே கணத்திற்குக் கொண்டுவந்து ஒருங்கிணைப்பு இழப்பைக் குறைக்கும் வேலையையும் செய்கிறது. இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்த பிறகும், தேரை வளைத்துத் திருப்பச் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் சிலர் தேவைப்படுகிறார்கள். அவர்களிடம் தளர்வைக் காண முடியாது. எந்தச் சக்கரத்துக்கு யார் கட்டை கொடுத்தார், எத்தனை நொடி தாமதித்தார் என்பது அடுத்த கணமே தேரின் போக்கில் தெரிந்துவிடும். வடம் பிடித்த கூட்டத்தில் ஒருவர் கையைத் தளர்த்தினால் அது யாருக்கும் தெரியப்போவதில்லை.

இதே வேறுபாட்டை ஆய்வகத்திலும் கண்டார்கள். பலராகச் சேர்ந்து கூச்சலிடும்போதும் கை தட்டும்போதும் ஒவ்வொருவரும் எழுப்பும் ஒலி குறைகிறது என்று 1979இல் லட்டானே, வில்லியம்ஸ், ஹார்கின்ஸ் ஆகிய உளவியலாளர்கள் மூவரும் காட்டினார்கள். ஒவ்வொருவரின் ஒலியும் தனியே அளக்கப்படுகிறது என்று தெரியவந்தால் அந்தத் தளர்வு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது என்பது 1981இல் அவர்களே கண்ட முடிவு. பத்துப் பேருக்கு ஒரே வேலையைக் கொடுத்து ‘எல்லோரும் சேர்ந்து முடியுங்கள்’ என்று சொல்லும் அலுவலகம் ரிங்கல்மானின் கயிற்றைத்தான் அவர்கள் கையில் கொடுக்கிறது. ஆட்களைக் கூட்டினால் வேறொரு சுமையும் கூடுகிறது: ஐந்து பேர் தங்களுக்குள் பேசிக்கொள்ள 10 இணைப்புகள் போதும், பத்துப் பேருக்கு 45 தேவை. குழு உணர்வை வளர்க்க என்று ஊழியர்களைக் கொடைக்கானலுக்கு அழைத்துச் சென்று பலூன் ஊதவைப்பதில் தவறில்லை. திரும்பி வந்தபின் யார் பொறுப்பு எது என்பது அதே குழப்பத்தில் இருந்தால், அந்தச் செலவு உல்லாசக் கணக்கில்தான் சேரும்.

எனினும், பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பதோடு காரியம் முடிவதில்லை. குறுவை அறுவடை நேரத்தில், வானம் மூடிக்கொண்டு நிற்கும் ஒரு நாளில், டெல்டாவின் ஏதேனும் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தை எண்ணிப் பாருங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்ப்பவர் ஒருவர், தூற்றுபவர் வேறொருவர். 40 கிலோ மூட்டையாக எடை போடுவது, சாக்கைத் தைப்பது, மூட்டைகளை அடுக்கி அட்டி போடுவது, பட்டியல் எழுதுவது என ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் கையில் இருக்கிறது. ஈரமானி காட்டுவது குவியலிலிருந்து கையால் அள்ளிய கொஞ்சம் நெல்லின் ஈரத்தை மட்டுமே. குவியலின் அடியில் இருந்த நெல் நனைந்திருப்பது, மூட்டையைத் தோளில் ஏற்றும் சுமைதூக்கும் தொழிலாளிக்குத்தான் முதலில் உறைக்கும். அப்படியே அட்டிக்குப் போனால் உள்ளுக்குள் சூடேறிப் பக்கத்து மூட்டைகளும் கெடும். அவர் வாய் திறப்பாரா என்பதே கேள்வி. ‘உன் வேலையைப் பார்’ என்ற பதில் ஒருமுறை வந்திருந்தால், அடுத்த முறை மூட்டை பேசாமல் அட்டிக்குப் போய்விடும்.

ஏமி எட்மண்ட்சன் என்னும் ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுக்கும்போது நேரும் பிழைகளை ஆராய்ந்தபோது, சிறந்த குழுக்களில் பிழைகள் குறைவாக இருக்கும் என்றே எதிர்பார்த்தார். கிடைத்த எண்கள் நேர்மாறாக இருந்தன: சிறந்த குழுக்களில்தான் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. நல்ல குழுக்கள் உண்மையில் அதிகம் தவறு செய்யவில்லை. அங்கே தவறுகள் ஒளிக்கப்படாமல் சொல்லப்பட்டன என்பதே அவர் கண்ட விளக்கம். சொன்னால் அவமானமோ தண்டனையோ வராது என்று உறுப்பினர்கள் ஒருமித்து நம்பும் அந்த நிலையை, 1999இல் வெளியான தம் கட்டுரையில் அவர் உளவியல் பாதுகாப்பு என்று குறிப்பிட்டார். இதை ஒருவருக்கொருவர் இனிக்கப் பேசிக்கொள்வது என்று பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். முகத்துக்கு நேரே ‘இந்த மூட்டை ஈரம்’ என்று சொல்வதில் இனிமை ஏதுமில்லை.

தெளிவான பொறுப்பு, அச்சமின்றிப் பேசும் நிலை ஆகிய இரண்டுக்கும் அடுத்து, மூன்றாவதாக வேலை செய்வது பழக்கம். யாருக்கு என்ன தெரியும் என்பதை அறிந்திருப்பதும் ஒருவகை அறிவே. 1995இல் வெளியான ஓர் ஆய்வில் மூன்று மூன்று பேராகப் பிரித்து ரேடியோ பொருத்தச் சொன்னார்கள். தனித்தனியே பயிற்சி பெற்றுப் பின்னர் ஒன்றுசேர்க்கப்பட்டவர்களைவிட, முதலிலிருந்தே ஒன்றாகப் பயின்ற குழுக்கள் ஒரு வாரம் கழித்து அதே வேலையைக் குறைந்த பிழைகளுடன் செய்தன. டெல்டாவின் நடவுக் குழுக்களில் இது கண்கூடு. ஆண்டாண்டாக ஒன்றாகச் செல்லும் பெண்கள் வயலில் இறங்கியதும், யார் வரப்போரம் நிற்பது, கை வேகம் குறைந்தவருக்கு அண்டையில் யார் என்பதெல்லாம் பேச்சின்றியே அமைந்துவிடும். பின்னோக்கி நகரும் அந்த வரிசையில் ஒருவர் பிந்தினால், பக்கத்தில் இருப்பவர் இரண்டு குத்து நாற்றுக் கூடுதலாக நட்டு வரிசையை நேராக்கிவிடுவார்.

இப்போது பல ஊர்களில் நடவு இயந்திரம் வந்துவிட்டது. நாற்றைப் பாய்போலச் சுருட்டி எடுக்கும்படி வளர்க்கும் பாய் நாற்றங்கால் போடுபவர், சுமார் 15 நாள் நாற்றை உரிய அளவில் வெட்டிச் சுருட்டி வயலுக்குக் கொண்டுவருபவர், இயந்திரத்தை ஓட்டுபவர், விட்டுப்போன இடங்களில் கையால் நிரப்பும் பெண்கள் என்று குழு சிறியதாகி, வேலைகள் ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறுபட்டுவிட்டன. நாற்றுப் பாயின் தடிமன் சரியில்லை என்றால் அது இயந்திரம் ஓட்டுபவருக்குத்தான் தெரியும். அதை மறுநாளே நாற்றங்கால் போட்டவரிடம் சொல்லும் பழக்கம் ஏற்பட்ட ஊர்களில் அடுத்த பருவத்தில் விட்டுப்போகும் குத்துகள் குறையும். இயந்திர வாடகையை மட்டும் பேசிவிட்டு, பருவத்துக்குப் பருவம் ஆட்களை மாற்றிக்கொண்டிருக்கும் ஊர்களில் அதே குறை மீண்டும் முதலிலிருந்து கண்டுபிடிக்கப்படும்.