டோக்கன்: வில்லையும் அச்சுபேதமும்

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் அவென்யூ ரோடு பக்கம் பழைய காசு விற்பவரிடம் ஒரு பித்தளை டோக்கன் வாங்கினேன். பிரிகேட் ரோட்டில் எப்போதோ இருந்து மூடிப்போன வீடியோ கேம் கூடத்துடையது. கூடவே அதே மாதிரி இன்னொன்றையும் எடுத்தேன். “அண்ணா, அது வேற வெரைட்டி. ஐம்பது ரூபா ஜாஸ்தி” என்றார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. கொடுத்துவிட்டு வந்தேன். டோக்கன், வெரைட்டி: இரண்டுக்கும் தமிழில் என்ன சொல்வது என்பதுதான் வழியெல்லாம் ஓடியது.

டோக்கன் பழைய ஆங்கிலத்தின் ‘டாக்கென்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. பொருள் அடையாளம், குறி. ஜெர்மன் மொழியின் ‘ட்ஸைஷென்’ இதன் உடன்பிறப்பு. கற்பிப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதே குடும்பம்தான்; காட்டுவது என்பது வேர்ப்பொருள். அப்படிப் பார்த்தால் அனுமன் சீதையிடம் நீட்டிய கணையாழிதான் அசல் டோக்கன். ஆனால் கவுண்டரில் போய் “நாலு அடையாளம் கொடுங்க” என்று கேட்க முடியுமா? காசு, நாணயம் என்பதும் சரிப்படாது. அவை அரசு அடிப்பவை. இது கடைக்காரர் அடித்துக்கொள்வது. அவர் வாசலைத் தாண்டினால் செல்லாது.

எனக்குப் பிடித்தது வில்லை. தட்டையாக, சிறிதாக இருப்பது வில்லை. மருந்து வில்லை உண்டு, அஞ்சல் வில்லை உண்டு. இடுப்பிலோ மார்பிலோ பித்தளைத் தகடு அணிந்த பியூனை அந்தக் காலத்தில் வில்லைச் சேவகன் என்றார்கள். வட்டமும் உலோகமும் அடையாளமும் ஒரே சொல்லில் அப்போதே கூடிவிட்டன. பேச்சில் இது பில்லை ஆகும். சடையில் வைப்பது சடைபில்லை. அல்சூரில் எங்கள் தெருப் பிள்ளைகள் கட்டம் போட்டு நொண்டியடிப்பதைக் கன்னடத்தில் குண்ட்டெ பில்லெ என்பார்கள். ஊரே அறிந்த சொல் காலடியில் கிடக்க, நாம் அகராதியைப் புரட்டிக்கொண்டிருக்கிறோம்.

வெரைட்டிதான் சிக்கல். ‘வகை’ என்று எழுதிவிடுகிறார்கள். வகை என்றால் பித்தளை ஒரு வகை, பிளாஸ்டிக் ஒரு வகை. இங்கே பேச்சு அதைப் பற்றியல்ல. ஒரே வில்லை, ஒரே கூடம், ஒரே வாசகம்; உலோகத்தில் உருவத்தை அழுத்தி அடித்த அச்சு மட்டும் வேறு. இதற்கு நம் ஏட்டுச்சுவடி உலகில் சொல் இருக்கிறது. உ.வே.சா. பதிப்புகளின் அடிக்குறிப்பைப் பார்த்தவர்களுக்குப் ‘பிரதிபேதம்’ தெரிந்திருக்கும். ஒரே பாட்டு, ஏட்டுக்கு ஏடு ஓர் எழுத்து மாறும். அதே வழியில் இதை அச்சுபேதம் என்கிறேன்.

அச்சு ஏன் மாறுகிறது? அடித்து அடித்து அச்சு தேயும், விரிசல் விடும். புதிது வெட்டுவார்கள். எழுத்துகளையும் பூவையும் கையால் குத்தி இறக்கினால் மயிரிழை நகராமல் இருக்குமா? என் இரண்டு வில்லைகளையும் லென்ஸில் பார்த்தேன். ஒன்றில் மேல் நட்சத்திரத்தின் முனை ஓர் எழுத்தின் நடுவே நிற்கிறது. மற்றதில் இரண்டு எழுத்துக்கு இடைச்சந்தைக் காட்டுகிறது. ஐம்பது ரூபாய் அந்தச் சந்துக்குத்தான்! விளிம்பையும் பார்க்க வேண்டும்: வழவழப்பா, வரிவரியா. பிறகு, மேலும் கீழும் விரல் வைத்துப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். நம் ரூபாய்க் காசில் பின்பக்கமும் நேராகவே நிற்கும். அமெரிக்கக் கால் டாலரில் தலைகீழாகிவிடும். வில்லைகளில் இரண்டு விதமும் உண்டு.

தேய்ந்து ஒரு புள்ளி காணாமல் போயிருந்தால் அது அச்சுபேதம் ஆகாது. ஏட்டைப் பூச்சி அரித்ததைப் பிரதிபேதம் என்போமா? அது சிதைவு. புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் காசைத் தொலைக்கிறார்கள்.

வேண்டுமென்றே வைத்த பேதமும் உண்டு. 1944-இல் அமெரிக்காவில் ரேஷன் கூப்பனுக்குச் சில்லறையாக நார் அட்டையில் சிவப்பும் நீலமுமாக வில்லை போட்டார்கள். நடுவில் 1, இருபுறமும் ஒவ்வோர் எழுத்து. எழுத்து ஜோடியை வைத்துச் சிவப்பில் 30 பேதம், நீலத்தில் 24 பேதம் என்று எண்ணுகிறார்கள். வீடியோ கேம் கூடங்களின் வில்லைகளில் அடித்த ஆலையின் குறி பொடி எழுத்தில் இருப்பதுண்டு. அதுவும் பேதத்தைப் பிடித்துக் கொடுக்கும்.

இலக்கணக்காரர்கள் அச்சுப்பிழை போல ‘அச்சுப்பேதம்’ என்று ஒற்று மிகும் என்பார்கள். மிகுந்தால் வடசொல்லின் ஒலி கெட்டு வாயில் இடறுகிறது, நான் போடவில்லை. வடசொல்லே வேண்டாம் என்பவர்களுக்கு ‘அச்சு வேறுபாடு’ இருக்கிறது, ஒற்றுத் தொல்லையும் இல்லை.

இந்த வாரம் அதே ஆளிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “பில்லைன்னே சொல்லுங்கண்ணா, நமக்கும் அதுதான் வரும்” என்று பிளாஸ்டிக் கவரின் மேல் கன்னடத்தில் ‘பில்லெ’ என்று எழுதினார். வெரைட்டிக்கு எதுவும் எழுதவில்லை. ஐம்பது ரூபாயை மட்டும் கூட்டிப் போட்டுக்கொண்டார்.