துப்பாக்கி தானாக வெடிக்குமா? ‘கைப்பிழைச் சூடு’ என்றொரு சொல்

“துப்பாக்கியைச் சுத்தம் செய்தபோது தவறுதலாக வெடித்ததில் காவலர் காயம்.” இந்த வாக்கியத்தை எத்தனை முறை படித்திருப்போம்! தமிழக எல்லையை ஒட்டிக் கேரளத்தில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நிலைமை இன்னும் மோசம். மலையாளச் செய்தியில் ‘அபத்தத்தில் வெடி பொட்டி’ என்று வரும். அதை அவசரமாகத் தமிழாக்கி வாட்ஸ்அப்பில் போடுகிறவர்கள் ‘அபத்தமாக வெடித்தது’ என்று எழுதிவிடுகிறார்கள். மலையாளத்தில் அபத்தம் என்றால் தவறு, பிசகு. தமிழில் அது உளறல், பொருளற்றது. ஒரே வடசொல் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒன்றாகவும் அந்தப் பக்கம் வேறாகவும் ஆகிவிட்டது.

சரி, மூலச் சொல்லைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் ‘டிஸ்சார்ஜ்’ என்றால் ஏற்றிய சுமையை இறக்குவது. மருந்தும் குண்டும் ஏற்றிய துப்பாக்கிக்கும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. துப்பாக்கி புழங்குகிறவர்கள் அதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். கருவியில் கோளாறு இருந்து குண்டு போனால் ‘ஆக்சிடென்டல் டிஸ்சார்ஜ்’, பிடித்திருந்தவரின் கவனக்குறைவால் போனால் ‘நெக்லிஜென்ட் டிஸ்சார்ஜ்’. இந்த இரண்டையும் நாம் ‘தற்செயல் வெடிப்பு’ என்ற ஒரே கூடையில் போடுகிறோம். எனக்குக் கோபம் அங்கேதான்.

முதலில் ‘வெடிப்பு’. வெடிப்பது என்றால் பிளப்பது. குதிகால் வெடிக்கும், கோடையில் வயல் வெடிக்கும், பருத்திக்காய் வெடிக்கும். ‘துப்பாக்கி வெடித்தது’ என்றால் குழாய் பிளந்துவிட்டது என்றுதான் பொருள் கொள்ள வேண்டும். குழாயில் அடைப்பு இருக்கும்போது சுட்டால் அது நிஜமாகவே பிளக்கும். வெடிப்பு என்ற சொல்லை மற்றதற்கெல்லாம் செலவழித்துவிட்டு அன்றைக்கு என்ன எழுதுவார்கள்? மலையாளத்தில் சுடுவதே ‘வெடிவைப்பு’. நமக்கு வெடி வைப்பது கல்குவாரியில். நம் சொல் ‘சூடு’. கெடு கேடு ஆவது போல, படு பாடு ஆவது போல, சுடு சூடு ஆகும். துப்பாக்கிச் சூடு என்று ஊரே சொல்கிறது, அதை விட்டு ஏன் அலைய வேண்டும்?

அடுத்தது ‘தற்செயல்’. பிரித்துப் பாருங்கள்: தன் செயல். தானே நடந்தது. அதாவது விசாரணை தொடங்குவதற்கு முன்பே, துப்பாக்கி தானாகச் செய்தது, மனிதருக்குப் பங்கில்லை என்று அந்தச் சொல் தீர்ப்பு எழுதிவிடுகிறது. இதைத் தூய தமிழ் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். தமிழாக இருந்தால் போதுமா, உண்மையாக இருக்க வேண்டாமா?

துப்பாக்கி தானாகச் சுடவே சுடாது என்று நான் சொல்லவில்லை. பழைய ரிவால்வர்களில் குதிரை, அதாவது தோட்டாவை அடிக்கும் சுத்தி, நேரே தோட்டாவின் மேல் படுத்திருக்கும், கீழே விழுந்தால் சுட்டுவிடும். அதனால் ஆறு அறையில் ஐந்தில்தான் தோட்டா போட்டுக் குதிரைக்கு அடியில் இருப்பதைக் காலியாக விடுவார்கள். 2017இல் சிக் சாவர் நிறுவனத்தின் பி320 கைத்துப்பாக்கி சில கோணங்களில் கீழே விழுந்தால் சுடுகிறது என்று தெரிந்ததும், நிறுவனமே உள்பாகங்களை மாற்றித் தர முன்வந்தது. அதற்குப் பிறகும், விசையை (டிரிகரை) தொடாமலே சுட்டது என்று அமெரிக்காவில் வழக்குகள் வந்தன. நிறுவனம் அதை மறுக்கிறது. இப்படி உண்மையிலேயே கருவியின் குறை என்றால் ‘பொறிப்பிழைச் சூடு’ என்று எழுதுங்கள்.

கிளாக் கைத்துப்பாக்கியின் கதை வேறு. 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவில் வந்தது. தவறிச் சுடாமல் காக்க அதில் மூன்று தடைகள் இருக்கின்றன, ஆனால் விரலால் தள்ளி மாற்றும் தடை வழக்கமான மாடல்களில் வெளியே கிடையாது. விசையை இழுத்தால் மூன்றும் விலகிவிடும், இழுப்பது விரலா சட்டைத் துணியா என்று அதற்குத் தெரியாது. கழற்றிச் சுத்தம் செய்யவும் விசையை இழுத்தாக வேண்டும். தோட்டாக்கள் அடுக்கிய மேகசினை எடுத்தாயிற்று என்று நம்பி, குழாயின் பின்முனையில் உள்ள அறைக்குள் ஒரு தோட்டா இருப்பதை மறந்து இழுத்தால் குண்டு பாயும். இதில் வடிவமைப்புக்கும் பங்குண்டு என்று வாதிடலாம், வாதிடுகிறார்கள். ஆனால் அறையைத் திறந்து பார்க்காதது கை. அதற்கு ‘கைப்பிழைச் சூடு’.

அப்புறம், ‘சேஃப்டி’ என்பதைப் ‘பாதுகாப்பு’ என்று மாற்றி ‘இந்தத் துப்பாக்கியில் பாதுகாப்பு இல்லை’ என்று எழுதுவதையும் நிறுத்த வேண்டும். அது விசைத்தடை. தடை இல்லை என்பதும் பாதுகாப்பு இல்லை என்பதும் ஒன்றல்ல.

சட்டத்துக்கு இந்த வேறுபாடு தெரியும். உரிய கவனத்தோடு, முறையாகச் செய்த செயலில் நேர்ந்த விபத்து, இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 18ஆம் பிரிவு. கவனக்குறைவால் உயிர் போனால் 106. பழைய தண்டனைச் சட்டத்தில் 80, 304ஏ. சட்டம் இரண்டாக வைத்திருப்பதை நிருபர் ஏன் ஒன்றாக்குகிறார்?

எங்கள் பக்கம் இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட அனுமதி தரும் அதிகாரத்தை 2022இல் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. அதற்கு வருவது நீளத் துப்பாக்கிதான், ஆனால் விசையும் விரலும் அதேதான். நாளைக்கு யாராவது அடிபட்டால், விவரம் தெரியும்வரை ‘துப்பாக்கியிலிருந்து குண்டு பாய்ந்தது’ என்று மட்டும் எழுதுங்கள். தெரிந்த பிறகு கையா பொறியா என்று எழுதுங்கள்.