‘ஷட்டர் கவுண்ட்’ எதை எண்ணுகிறது?

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ பாவித்த டிஜிட்டல் கமரா ஒன்றுக்கு விலை பேசும்போது, “ஷட்டர் கவுண்ட் எவ்வளவு?” என்ற கேள்வி எழாமல் இருப்பதில்லை. கல்யாணம், சாமத்தியச் சடங்கு, தேர்த்திருவிழா என்று படம் எடுப்பதையே தொழிலாகக் கொண்ட இளைஞர்கள் மலையக நகரங்களில் பெருகிவிட்டதால், இச்சொல்லும் அன்றாடப் பேச்சில் கலந்துவிட்டது. கமரா இதுவரை எடுத்த படங்களின் தொகை என்றே பலர் இதற்குப் பொருள் கொள்கின்றனர். உண்மையில் இது, கமராவுக்குள் ஒளியை விட்டு மறைக்கும் ஷட்டர் என்னும் பொறி எத்தனை முறை திறந்து மூடியது என்பதைக் குறிக்கும் எண். இந்த வேறுபாடு தெளிவானால்தான் சொல்லுக்குச் சரியான தமிழைத் தேட முடியும்.

ஆங்கிலத்தில் ‘ஷட்’ என்றால் மூடு. பழைய ஆங்கிலத்தில் அது கதவுக்குத் தாழ்ப்பாள் இடுவதைக் குறித்தது; எய்தல், சுடுதல் என்னும் பொருளுடைய ‘ஷூட்’ என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததே. சன்னலை மூடும் பலகைக்கு வழங்கிய ‘ஷட்டர்’ என்ற பெயர் 19ஆம் நூற்றாண்டில் கமராவுக்கும் வந்தது. நம் கடைவீதிகளில் மாலையில் இழுத்து மூடப்படும் இரும்புக் கதவுக்கும் இதே பெயர்தான். ‘கவுண்ட்’ என்பது, கணக்கிடுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையொன்றின் வழி வந்தது. ‘கம்ப்யூட்டர்’ அதற்கு உறவு.

தொடக்ககாலக் கமராக்களில் ஷட்டர் என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. லென்ஸின் மூடியைக் கையால் கழற்றி, வேண்டிய நேரம் பொறுத்திருந்து, மீண்டும் மாட்டினால் போதுமானதாக இருந்தது. 1879இல் திக்கோயாப் பகுதியில் காலமாகி, பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன், மருந்து பூசிய கண்ணாடித் தட்டு ஈரமாக இருக்கும்போதே பதிவு செய்யும் ‘ஈரத் தட்டு’ முறையில் படம் எடுத்தவர். அவர்முன் அமர்ந்தவர்கள் நெடுநேரம் அசையாதிருக்க வேண்டியிருந்தது. 1871இல் ரிச்சர்ட் லீச் மடொக்ஸ் அறிவித்த உலர்தட்டு முறை பின்னர் மேம்பட்டு, விநாடியின் சிறு பங்கிலேயே ஒளி பதியும் நிலை வந்தபோது, கை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமற் போயிற்று. பொறியால் இயங்கும் ஷட்டர் பரவலானது அதன் பின்னரே.

லென்ஸ் காணும் காட்சியை உள்ளிருக்கும் கண்ணாடியொன்றால் கண்ணுக்குக் காட்டும் இன்றைய டிஎஸ்எல்ஆர் கமராவில், ஒளியைப் படமாகப் பதியும் உணரிக்கு (சென்சர்) முன்னே இரண்டு மெல்லிய திரைகள் உள்ளன. பொத்தானை அழுத்தியதும் முதற்றிரை விலகி ஒளியை உள்ளே விடுகிறது. இரண்டாம் திரை பின்தொடர்ந்து வந்து மூடுகிறது. வேகம் மிகும்போது, முதற்றிரை முழுதும் விலகுமுன்னரே இரண்டாவது புறப்பட்டுவிடுவதால், இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு கீற்று மட்டுமே உணரியின்மீது ஓடிச் செல்கிறது. இவ்வளவு விரைந்து இயங்கும் பொறி தேயத்தான் செய்யும். அதனால் தயாரிப்பாளர்கள் பல மாதிரிகளுக்கு, ஷட்டர் எத்தனை முறை இயங்குமெனச் சோதித்த அளவொன்றை அறிவிக்கின்றனர்: நிக்கோன் டி3500க்கு 100,000, டி750க்கு 150,000, டி5க்கு 400,000 முறை. ஒரு கல்யாணத்துக்கு 2,000 படம் என்று வைத்துக்கொண்டால், 75 கல்யாணங்களில் டி750 தன் அளவைத் தொட்டுவிடும். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் கடக்கும்போது, விநாடிக்கு 7 படம் வீதம் 10 விநாடி விரலை எடுக்காமல் அழுத்தியிருப்பவர் அந்தக் கணக்கில் 70ஐக் கூட்டிவிடுகிறார். 69ஐ அழித்தாலும் எண் குறையாது. தயாரிப்பாளர் சொல்லும் அளவு கமராவின் ஆயுள் முடியும் நாளன்று. அதைத் தாண்டி நெடுங்காலம் உழைப்பனவும் உண்டு, எட்டாமலே பழுதாவனவும் உண்டு.

எண்ணை அறியும் வழி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நிக்கோன், பென்டக்ஸ் கமராக்கள் பெரும்பாலும் இதை ஒவ்வொரு படக் கோப்பின் உள்விவரங்களிலும் எழுதிவைக்கின்றன. புதிதாக ஒரு படம் எடுத்து, மெமரி கார்டிலிருந்து நேரே கணினிக்கு மாற்றி, எக்ஸிஃப்டூல் போன்ற இலவச மென்பொருளில் திறந்தால் ஷட்டர் கவுண்ட் என்ற வரி தெரியும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் அதைத் தேடுவது வீண். அனுப்பும்போதே அவ்விவரங்கள் நீங்கிவிடுகின்றன. கெனன் கமராக்கள் பல இதைப் படக் கோப்பில் பதிவதில்லை; கமராவை யூஎஸ்பி வழியே கணினியுடன் இணைத்து, அதற்கென உள்ள மென்பொருளால் படிக்க வேண்டும். கோப்பின் பெயரிலுள்ள நான்கிலக்க எண்ணைக் காட்டி விற்பவரை நம்ப வேண்டாம். அது 9999ஐ எட்டியதும் 0001க்குத் திரும்பிவிடும். நுவரெலியாவின் ஈரமும் பனிமூட்டமும் லென்ஸில் வளர்க்கும் பூஞ்சணத்தைப் பற்றியும் இந்த எண் எதுவும் சொல்லாது; அதை டார்ச் ஒளியில் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

இனித் தமிழ்ச் சொல். ‘மூடி’ வரலாற்றுக்குப் பொருந்தினாலும், இன்று அது லென்ஸ் மூடியோடு குழம்பும். ‘திரை’ என்றால் கமராவின் பின்புறத்திலுள்ள காட்சித்திரை நினைவுக்கு வரும். ‘திறப்பு’ என்றால் ஒளி புகும் துவாரமா என்ற ஐயம் எழும். இலங்கைத் தமிழில் அது சாவியையும் குறிக்கும். நான் விரும்புவது ‘இமை’. தொல்காப்பியம், எழுத்தை ஒலிக்கும் கால அளவான மாத்திரைக்கு அளவு சொல்லும்போது கண்ணிமையையும் நொடியையும் எடுத்துக்கொள்கிறது. மூடும் உறுப்பையும் மிகக் குறுகிய நேரத்தையும் ஒருசேரத் தரும் சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது. கண்ணிமை திறந்தே இருந்து மூடும், டிஎஸ்எல்ஆர் ஷட்டரோ மூடியே இருந்து திறக்கும் என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானதே. ஆயினும் ‘இமைத்தல்’ என்ற வினை மூடலையும் திறத்தலையும் சேர்த்து ஒரே செயலாக எண்ணுகிறது. நமக்கு வேண்டியதும் அதுவே. அந்த வகையில் ஷட்டர் கவுண்டை ‘இமைப்பு எண்ணிக்கை’ எனலாம்.

டிஎஸ்எல்ஆரில் உள்ள கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கமராக்களில், திரைகளுக்குப் பதில் உணரியே பதிவைத் தொடங்கி முடிக்கும் மின்னணு ஷட்டரால் எடுக்கும் படத்துக்குப் பொறி அசைவதே இல்லை; ஆகவே அங்கே படத் தொகையும் இமைப்பு எண்ணிக்கையும் வெவ்வேறாகப் பிரிந்துவிடலாம். 2021இல் வெளிவந்த நிக்கோன் இசட்9இல் பொறிவகை ஷட்டரே கிடையாது. அத்தகைய கமராவுக்குப் ‘பட எண்ணிக்கை’ என்று எழுதுவதே சரி.